நட்டம் யார் தலையில்? விளையாட்டு லீக்குகளில் நாட்டுக்கு நாடு மாறும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து 2025-ல் தொடங்க வேண்டிய காலத்தில் தொடங்காமல் முடங்கியதிலிருந்து உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் யோசனைகளுக்குக் குறைவில்லை. ஜெர்மனியைப் போல கிளப்பை ரசிகர்கள் கையில் கொடுங்கள் என்று ஒருவர் எழுதினார். அமெரிக்காவைப் போல டிராஃப்ட், அதாவது புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு, கொண்டுவாருங்கள் என்றார் இன்னொருவர். ஜப்பானைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னவரும் உண்டு. மூன்றும் அந்தந்த நாட்டில் ஓடுகிற முறைகள்தான். ஆனால் எழுதியவர்கள் எல்லோரும் வரவுப் பக்கத்தை மட்டுமே புரட்டியிருக்கிறார்கள்.

வரவு எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒளிபரப்பு உரிமை, டிக்கெட், சட்டையில் விளம்பரம், பொருள் விற்பனை. ஒரு நாட்டின் பழக்கவழக்கம் தெரிய வேண்டுமானால் செலவுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். சிறுவனை வீரனாக்கும் பத்துப் பன்னிரண்டு வருடச் செலவு யாருடையது? மைதானக் கடனை யார் கட்டுகிறார்? ஒரு சீசனில் துண்டு விழுந்தால் யார் பணம் போடுகிறார், எதற்காகப் போடுகிறார்? இதற்கு ஒவ்வொரு நாடும் லீக் தொடங்குவதற்கு முன்பே ஒரு பதில் வைத்திருந்தது. அந்தப் பதில் பள்ளியிலோ, ஊர்ச் சங்கத்திலோ, கம்பெனியிலோ இருந்தது. லீக் அதன்மேல்தான் எழுந்தது.

டிராஃப்டிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதுதான் பார்க்க மிக எளிதாகத் தெரிகிறது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் முதல் டிராஃப்டை 1936-ல் நடத்தியது. முந்தைய சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு, சாம்பியனுக்குக் கடைசித் தேர்வு. இன்று 7 சுற்றுகள். தேர்வான வீரருக்கு 4 வருட ஒப்பந்தம். இதனுடன் சேர்ந்து நிற்பது 1994-ல் வந்த சம்பள உச்சவரம்பு; 2025 சீசனுக்கு அது ஓர் அணிக்கு 27.92 கோடி டாலர். அணிகள் ஒன்றையொன்று விலையேற்றி அழித்துக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. முதலாளித்துவத்தின் தலைநகரில் விளையாட்டு மட்டும் ரேஷன் கடை முறையில் நடக்கிறது என்பது வேடிக்கைதான்.

ஆனால் டிராஃப்டுக்கு வருகிற இளைஞன் யார் செலவில் வளர்ந்தவன்? பள்ளி, பிறகு பல்கலைக்கழகம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். என்எஃப்எல் அணிகளின் சொந்த மைதானம் எதுவும் அந்த அளவு கிடையாது. பயிற்சியாளர், மருத்துவர், உணவு, எலும்பு முறிவு எல்லாம் கல்லூரிக் கணக்கில் போய்விடுகிறது. என்எஃப்எல் அணிகளுக்குச் சிறுவர் அகாடமிச் செலவென்று ஒன்றில்லை. பழைய மாணவர்கள் கல்லூரி அணியின்மேல் வைத்திருக்கும் பாசம்தான் அந்தச் செலவை இத்தனை காலம் தாங்கியது. இது புதிதாக வந்த பழக்கமும் அல்ல: அங்கே கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் போட்டியாகச் சொல்லப்படும் 1852 ஹார்வர்டு-யேல் படகுப் பந்தயத்தையே ஒரு ரயில் கம்பெனி விளம்பரத்துக்காகச் செலவழித்து நடத்தியது.

அந்த ஏற்பாட்டைச் சட்டமும் காக்கிறது. 1961-ல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், அணிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒளிபரப்பு உரிமையை விற்க அனுமதித்தது. அதற்குப் பதிலாக, செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து டிசம்பர் இரண்டாம் வாரம் வரை வெள்ளி மாலையையும் சனிக்கிழமையையும் கல்லூரி ஆட்டங்களுக்கு விட்டுவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. தொழில்முறை லீக் ஞாயிற்றுக்கிழமையில் குடியேறிய காரணங்களில் இதுவும் ஒன்று. ஆள் அனுப்புகிற இடம் பட்டினி கிடந்தால் ஆள் வராது என்பதை 1961-லேயே கணக்குப் பார்த்திருக்கிறார்கள். இப்போது அந்தக் கணக்கு மாறுகிறது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். நீதிமன்ற உடன்பாட்டின்படி 2025-26 முதல் பல்கலைக்கழகமே வீரர்களுக்கு ஆண்டுக்கு 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிரலாம். இலவசமாக வந்துகொண்டிருந்த பயிற்சிக்கு இப்போது பில் வர ஆரம்பித்திருக்கிறது.

இன்னொரு விவரம், டிராஃப்ட் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது. 22 வயது இளைஞனிடம் நீ இந்த ஊரில்தான் வேலை பார்க்க வேண்டும், வேறு யாரிடமும் பேரம் பேசக் கூடாது என்று முதலாளிகள் கூடி முடிவெடுத்தால் அது சாதாரணமாகச் சட்டவிரோதம். அமெரிக்காவில் அது செல்லுபடியாகக் காரணம், வீரர்களின் தொழிற்சங்கம் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பதிலுக்கு வருமானத்தில் பங்கு வாங்கியிருக்கிறது. சங்கம் இல்லாத இடத்தில் டிராஃப்ட் வைத்தால் முதல் வழக்கிலேயே ஆட்டம் கண்டுவிடும். ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த வீரர் தன் விருப்பப்படி போகலாம் என்று 1995-ல் பாஸ்மன் வழக்கில் தீர்ப்பு வந்த பிறகு அங்கே யாரும் டிராஃப்ட் பேச்சையே எடுப்பதில்லை.

மைதானக் கடன் இன்னும் சுவையானது. அணி ஊரை விட்டுப் போய்விடும் என்று மிரட்டினால் நகராட்சி பணம் தரும். 2020-ல் ஓக்லண்டை விட்டு லாஸ் வேகாஸ் போன ரைடர்ஸ் அணிக்காகக் கட்டிய மைதானத்தில் 75 கோடி டாலர் ஹோட்டல் அறை வரியிலிருந்து வந்தது. பால்டிமோர் கோல்ட்ஸ் 1984 மார்ச்சில் ஒரே இரவில் லாரிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு இண்டியானபோலிஸ் போய்விட்டது. மறுநாள் காலைதான் ஊருக்குத் தெரிந்தது. ரசிகர்கள் அழுதார்கள், ஆனால் அணியை முதலாளியின் சொத்தாகப் பார்க்கும் நாட்டில் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. கிரீன் பே பாக்கர்ஸ் ஒன்றுதான் விதிவிலக்கு. சுமார் 1 லட்சம் பேர் வாழும் ஊரில் 1923 முதல் பொதுப் பங்குதாரர்கள் வைத்திருக்கும் அணி. பங்குக்கு லாபம் கிடையாது, விற்கவும் முடியாது. அப்படி இன்னொரு அணி வர இன்றைய என்எஃப்எல் விதி இடம் தராது.

ஜெர்மனியில் கணக்கே வேறு. அங்கே ஊர்ச் சங்கம் முதலில், தொழில்முறை ஆட்டம் பின்னால். 1900-ல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டப்படி பதிவான சங்கங்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஒரே சங்கத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ், ஹேண்ட்பால், டேபிள் டென்னிஸ், கால்பந்து எல்லாம் இருக்கும். சந்தா கட்டியவருக்கு ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டு. நாடு முழுமைக்குமான பன்டஸ்லீகா 1963-ல்தான் தொடங்கியது. 1998-ல் கால்பந்துப் பிரிவை மட்டும் கம்பெனியாக மாற்றிக்கொள்ள அனுமதித்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஓட்டுரிமையில் பாதியும் அதற்குமேல் ஒன்றும் தாய்ச் சங்கத்திடமே இருக்க வேண்டும். 50+1 என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதலீட்டாளர் பணம் போடலாம். உத்தரவு போட முடியாது.

விதிவிலக்குகளும் அந்நாட்டு வழக்கத்திலிருந்தே வந்தவை. லெவர்குசன் 1904-ல் பேயர் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் கேட்டு உருவான கிளப், வொல்ஃப்ஸ்பர்க் வோல்க்ஸ்வாகன் ஆலையின் கிளப். அவை அந்தந்தக் கம்பெனியிடம் இருக்கலாம். எல்லோரும் முகம் சுளிக்கிற கிளப் லைப்சிக். 2009-ல் சின்ன ஊர்க் கிளப் ஒன்றின் லீக் இடத்தை வாங்கி, குளிர்பானக் கம்பெனி ஒன்று உருவாக்கியது. சங்கம் என்று பெயருக்கு இருக்கிறது, ஓட்டுள்ள உறுப்பினர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரை எடுத்துவிட்டார்கள் என்பது மற்ற கிளப் ரசிகர்களின் குற்றச்சாட்டு. எங்களுக்கும் அதுவே சரியென்று படுகிறது.

இந்த ஓட்டு வெறும் அலங்காரமா என்று கேட்பவர்கள் 2023-24 சீசனைப் பார்க்க வேண்டும். ஒளிபரப்பு வருமானத்தைக் கையாளும் துணை நிறுவனத்தில் 8 சதவீதத்தை 20 வருடத்துக்கு முதலீட்டாளரிடம் கொடுத்து 100 கோடி யூரோ வரை திரட்ட லீக் நிர்வாகம் திட்டமிட்டது. முதல் இரண்டு டிவிஷன்களிலும் உள்ள 36 கிளப்புகளுக்கும் ஆளுக்கொரு ஓட்டு. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 ஓட்டு வேண்டும். 2023 டிசம்பர் 11-ல் நடந்த ரகசிய வாக்கெடுப்பில் ஆதரவு சரியாக 24, எதிர்ப்பு 10, நடுநிலை 2. ஹனோவர் கிளப்பின் தாய்ச் சங்கம் எதிர்த்து ஓட்டுப் போடச் சொல்லித் தன் நிர்வாகிக்கு முன்கூட்டியே உத்தரவு கொடுத்திருந்தது. வெளிப்படையாகச் சொன்ன கிளப்புகளைக் கூட்டிப் பார்த்தால், அவர் உத்தரவை மீறியிருக்க வேண்டும் என்ற சந்தேகம் வலுத்தது. அந்த ஒரு ஓட்டு மாறியிருந்தால் திட்டம் தோற்றிருக்கும்.

அதன்பின் நடந்தது வேறெங்கும் நடக்காது. டிசம்பரில் ஆட்டத்தின் முதல் 12 நிமிடம் கேலரிகள் வாய்மூடி இருந்தன. பிப்ரவரியில் டென்னிஸ் பந்துகளும் தங்கத்தாள் சுற்றிய சாக்லெட் நாணயங்களும் மைதானத்தில் விழுந்தன. டென்னிஸ் பந்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. யாருக்கும் காயம் படாது, நாலாபக்கமும் உருளும், பொறுக்கி முடிப்பதற்குள் நிமிடங்கள் கரையும். நடுவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருக்கும், நேரலையின் அட்டவணை சரியும், அடுத்த நிகழ்ச்சி தள்ளிப்போகும். எந்தச் சரக்கை விற்கப் பார்த்தார்களோ அந்தச் சரக்கையே ரசிகர்கள் கெடுத்துக் காட்டினார்கள். போட்டியில் இருந்த இரண்டு முதலீட்டு நிறுவனங்களில் ஒன்று விலகிக்கொண்டது. 2024 பிப்ரவரி 21-ல் லீக் திட்டத்தையே கைவிட்டது. இதற்கு முன்னும் திங்கட்கிழமை இரவு ஆட்டங்களை அவர்கள் இப்படித்தான் ஒழித்தார்கள். வேலைக்குப் போகிறவன் திங்கள் இரவு 500 கிலோமீட்டர் போய்த் திரும்ப முடியாது என்பது வாதம். 2021-22 சீசனிலிருந்து பன்டஸ்லீகாவில் திங்கட்கிழமை ஆட்டம் இல்லை.

அப்படியானால் ஜெர்மனியில் நட்டம் யார் தலையில்? ஒரு பகுதி ஆட்டத்தின் தரத்திலேயே விழுகிறது. டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்குக் கேலரியில் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டு பார்க்கிறார்கள். நாற்காலி போட்டு விலையேற்றினால் வரும் பணத்தை வேண்டாமென்று விட்டதற்கு அது சாட்சி. பல ஊர்களில் ஆட்ட டிக்கெட்டே அன்றைய பஸ், ரயில் டிக்கெட். வெளிப் பணம் குறைந்ததால் ஏற்கெனவே பணமுள்ள பயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 பட்டம் வாங்கியது. லெவர்குசன் 2024-ல் அதை உடைத்தது. மறுபகுதி லைசென்ஸ் முறையில் விழுகிறது. ஒவ்வொரு சீசனுக்கும் முன்பு கிளப் அடுத்த வருட வரவு செலவைக் காட்டி, பற்றாக்குறைக்கு உத்தரவாதம் தர வேண்டும். 1860 மியூனிக் 2017-ல் இரண்டாம் டிவிஷனிலிருந்து இறங்கியது; மூன்றாம் டிவிஷன் லைசென்ஸுக்கான பணத்தை அதன் முதலீட்டாளர் கெடுவுக்குள் கட்டவில்லை; கிளப் நேராக நான்காம் டிவிஷனுக்குப் போனது. ஓட்டு சங்கத்திடம், பணப்பை ஒரு தனிநபரிடம் என்றால் இருவரும் முறைத்துக்கொள்ளும் நாளில் இப்படித்தான் ஆகும். 50+1 கேட்பவர்கள் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே சனிக்கிழமை மதியத்தோடு ஆலைகள் மூடிய 19-ம் நூற்றாண்டுப் பழக்கத்திலிருந்துதான் மூன்று மணி ஆட்டம் வந்தது. சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை கால்பந்து நேரலை இன்றும் கிடையாது; கீழ் டிவிஷன் மைதானங்கள் காலியாகிவிடும் என்ற பயம். ஆனால் கிளப்புகள் 19-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே பெரும்பாலும் கம்பெனிகள், ரசிகருக்கு ஓட்டு இல்லை. நட்டம் உரிமையாளரின் பையில். பை காலியானால் கிளப்பும் காலி. 1885-ல் தொடங்கிய பெரி கிளப் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸுக்கு மாற்ற அனுமதி கிடைத்ததும் ரசிகர்கள் 2002-ல் தாங்களே புதிய கிளப் தொடங்கி, அடிமட்ட டிவிஷனிலிருந்து ஏறி வந்தார்கள். டிவிஷன்கள் கீழிருந்து மேல்வரை திறந்திருந்ததால்தான் அது முடிந்தது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத மூடிய லீக்கில் அந்த வாசலே இருக்காது.

ஜப்பான்தான் நமக்கு மிக அருகில் வருகிறது என்பதால் அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தொழில்முறை பேஸ்பாலில் 12 அணிகள். யோமியுரி, சுனிச்சி என்பவை பத்திரிகைகள். ஹன்ஷின், சைபு ரயில் கம்பெனிகள். நிப்பான் ஹாம் இறைச்சி, யகுல்ட் பால் பானம், லோட்டே மிட்டாய், சாஃப்ட்பேங்க் தொலைபேசி. பெரும்பாலும் ஊர்ப் பெயருக்கு முந்திக்கொண்டு கம்பெனிப் பெயர். ஹன்ஷின் ரயில்வே 1924-ல் ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் இடையே தன் பாதையில் கோஷியன் மைதானத்தைக் கட்டியதில் ரயில் டிக்கெட் விற்கிற கணக்கும் உண்டு. அங்கே நடக்கும் கோடைக்காலப் பள்ளிப் போட்டியை 1915-ல் தொடங்கியது ஒரு பத்திரிகை, வசந்தகாலப் போட்டியை 1924-ல் தொடங்கியது அதன் போட்டிப் பத்திரிகை. கோடைப் போட்டியில் வழக்கமாக 49 பள்ளிகள்: 47 மாகாணங்களுக்கு ஒவ்வொன்று, டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் கூடுதலாக ஒன்று. ஆள் வளர்க்கும் செலவு பள்ளிக்கு, கூட்டம் சேர்க்கும் வேலை பத்திரிகைக்கு, சம்பளம் கம்பெனிக்கு.

இதன் ஆணிவேர் ஒரு வரிச் சுற்றறிக்கை. 1954 ஆகஸ்ட் 10-ல் ஜப்பான் வரித்துறை, பேஸ்பால் அணியின் நட்டத்தைத் தாய் நிறுவனம் ஈடுகட்டினால் அந்தத் தொகையை விளம்பரச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்றது. அணி நட்டத்தில் ஓடுவது அன்றிலிருந்து வெட்கப்படும் விஷயம் இல்லை. தினமும் பத்திரிகையில் கம்பெனிப் பெயர் அச்சாகிறதே, அதற்கு ஆகும் செலவு அது. ஆனால் அதே காரணத்தால் அணி தன் காலில் நிற்கவும் அவசரப்படவில்லை. கம்பெனி தள்ளாடியபோது அணியும் தள்ளாடியது. 2004-ல் கின்டெட்சு ரயில்வே தன் அணியைத் தாங்க முடியாமல் ஓரிக்ஸ் அணியோடு இணைக்க முடிவெடுத்தது. அணி உரிமையாளர்கள் லீக்குகளையே சுருக்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். வீரர் சங்கத் தலைவர் அட்சுயா ஃபுருட்டா தலைமையில் செப்டம்பர் 18, 19 இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது, அந்த நாட்டுத் தொழில்முறை பேஸ்பாலில் அதுவே முதல் முறை. ரசிகர்கள் வீரர் பக்கம் நின்றார்கள். இணைப்பு நின்றுபோகவில்லை, ஆனால் புதிய அணிக்கான கட்டண விதி தளர்ந்தது, 2005-ல் ரகுடென் அணி வந்தது, எண்ணிக்கை 12 ஆகவே நின்றது.

இதையெல்லாம் பார்த்துத்தான் 1993-ல் தொடங்கிய ஜே லீக் கால்பந்து வேறு வழி எடுத்தது. அதன் முதல் தலைவர் சபுரோ கவாபுச்சி, வீரராக இருந்தபோது 1960-ல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் விளையாட்டுப் பள்ளியைப் பார்த்தவர். எல்லா வயதினருக்கும் பசும்புல் மைதானம் என்பது அவர் மனதில் நின்றுவிட்டது. கம்பெனிப் பெயர் கூடாது, ஊர்ப் பெயர்தான் என்று விதித்தார். மிட்சுபிஷி மோட்டார்ஸ் அணி உராவா ரெட்ஸ் ஆனது. யோமியுரி பத்திரிகை மட்டும் தன் பெயரை விட மனமில்லாமல் மல்லுக்கட்டியது.

பெயர் மாறியது, ஆனால் பணப்பை மாறவில்லை. விமான நிறுவனம் ஒன்றும் கட்டுமான நிறுவனம் ஒன்றும் சேர்ந்து நடத்திய யோகஹாமா ஃப்ளூகல்ஸ் 1998-ல் கட்டுமான நிறுவனம் கைவிட்டதும் அதே ஊரின் மரினோஸ் கிளப்போடு இணைக்கப்பட்டது. முடிவு அறிவித்த பிறகும் அந்த அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 1999 ஜனவரி 1-ல் பேரரசர் கோப்பையை வென்று, அன்றோடு இல்லாமல் போனது. மரினோஸ் பெயருக்கு முன்னால் இன்றும் நிற்கிற ‘எஃப்’ எழுத்து அதன் மிச்சம். ரசிகர்கள் யோகஹாமா எஃப்சி என்று புதிய கிளப் தொடங்கினார்கள். 2013 முதல் ஜே லீக் லைசென்ஸ் விதி கறாரானது: தொடர்ந்து மூன்று வருடம் நட்டம் அல்லது சொத்தைவிடக் கடன் அதிகம் என்றால் அனுமதி இல்லை. 2020-ல் கொரோனா வந்தபோது, 1954 சுற்றறிக்கையின் சலுகை கால்பந்துக் கிளப்புகளுக்கும் பொருந்தும் என்று வரித்துறை தெளிவுபடுத்தியது. ஜெர்மனியைப் பார்த்துக் கட்டிய வீட்டுக்கும் அடித்தளம் ஜப்பான் கம்பெனியாகவே இருக்கிறது.

இனி நம் கணக்கு. இந்தியாவில் விளையாட்டு வீரனைத் தாங்கியது பள்ளியும் அல்ல, ஊர்ச் சங்கமும் அல்ல; வேலை. ரயில்வே, ராணுவம், போலீஸ், வங்கி, பொதுத்துறை. தமிழகத்தில் வாலிபாலும் கபடியும் ஹாக்கியும் ஆடிய தலைமுறைகளுக்கு ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்ற பெயர்கள் முதலில் அணிகள், பிறகுதான் அலுவலகங்கள். சென்னை கிரிக்கெட் லீக்கிலும் ஜாலி ரோவர்ஸ் (பின்னால் சன்மார் குழுமம்), இந்தியா பிஸ்டன்ஸ், இந்தியா சிமென்ட்ஸ், எஸ்பிஐ என்று கம்பெனி அணிகளே முதல் டிவிஷனைத் தூக்கி நிறுத்தின. வீட்டில் பெற்றோர் கேட்பதும் எந்தக் கோப்பை என்றல்ல, எந்த வேலை என்றுதான். தமிழக அரசு வேலைகளில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு வந்ததும் அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான்.

புரோ கபடி நிலைத்து நின்றதற்கும் ஐஎஸ்எல் தள்ளாடியதற்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. 2014-ல் தொடங்கிய புரோ கபடியில் சீசன் சுமார் இரண்டு, மூன்று மாதம். பல வீரர்களுக்கு ஏற்கெனவே நிரந்தர வேலை உண்டு. துறையின் அனுமதி வாங்கி வருகிறார்கள், முடிந்ததும் பணிக்குத் திரும்புகிறார்கள். மீதி ஒன்பது, பத்து மாதச் சாப்பாடும் பயிற்சியும் ரயில்வே கணக்கிலோ போலீஸ் கணக்கிலோ போகிறது. உள்ளரங்கில் ஒரு பாய் விரித்தால் ஆட்டம். 2025 சீசனை விசாகப்பட்டினம், ஜெய்ப்பூர், சென்னை, டெல்லி என நான்கே ஊர்களில் முடித்துக்கொள்ள முடிந்தது. லீக்கின் கணக்குப் புத்தகத்தில் இந்த மானியம் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

கால்பந்தில் அந்தத் தாங்கல் இல்லை. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு முழுநேரச் சம்பளம், வெளிநாட்டுப் பயிற்சியாளர், இளையோர் அணிகள், குவாஹாட்டியிலிருந்து கொச்சி வரை விமானம், புல் மைதானப் பராமரிப்பு. அத்தனையும் உரிமையாளர் பையிலிருந்து. அமெரிக்காவைப் போல மூடிய லீக்காகத் தொடங்கினார்கள். ஆள் அனுப்பும் கல்லூரி இல்லை. ஐரோப்பாவைப் போல அகாடமி கேட்டார்கள். கீழ் டிவிஷனில் பிள்ளைகளை ஆடவைக்கும் ஊர்ச் சங்கம் போதுமான அளவு இல்லை. ஜப்பானைப் போல கம்பெனி முதலாளிகள் வந்தார்கள். அங்கே உள்ள வரிச் சலுகையும் நூறாண்டு விளம்பரப் பழக்கமும் இல்லை. எல்லாவற்றையும் கால்பந்து சம்மேளனம் 2010 டிசம்பரில் தனியார் நிறுவனத்தோடு போட்ட 15 வருட, 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் ஒன்று தாங்கியது. அது முடியும் தறுவாயில் புதுப்பிக்கப்படாதபோது, 2025 ஜூலையில் அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. சில கிளப்புகள் வீரர் சம்பளத்தையே நிறுத்தின.

ஐபிஎல் மட்டும் எப்படி என்று கேட்கலாம். அங்கே ஆள் வளர்க்கும் செலவு மாநிலச் சங்கங்களின் ரஞ்சி, வயதுவாரி அணிகள் கணக்கில் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி செய்யும் வேலையை இங்கே அவை செய்கின்றன. சீசன் இரண்டு மாதம். 2025-ல் ஓர் அணி வீரர்களை எடுக்கச் செலவிடும் ஏலத்தொகைக்கு வரம்பு 120 கோடி ரூபாய். 2023-27 ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய், அதில் பங்கு அணிகளுக்கு வந்துவிடுகிறது. வரம்பை அமெரிக்காவிலிருந்து எடுத்தார்கள், டிராஃப்டை எடுக்கவில்லை, ஏலம் வைத்தார்கள். அதுவே தனி ஒளிபரப்பு நிகழ்ச்சியாகிவிட்டது, நம் ஊருக்குப் பொருந்திய முடிவுதான். ஆனால் ரசிகருக்கு ஓட்டு இல்லை. 2016, 2017 இரண்டு சீசனும் சென்னை அணி தடையில் இருந்தது. 2018-ல் காவிரிப் போராட்டத்தின்போது சென்னை ஆட்டங்கள் புனேக்குப் போயின. ரசிகர்கள் ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ ஏறிப் பின்னாலேயே போனார்கள். இங்கே அணியோடு ரசிகருக்குள்ள உறவு அந்த அளவில் நிற்கிறது.

ஜெர்மன் வழிக்கு ஒரு விதை இந்தியாவில் இருக்கிறது, அதைப் பற்றி உங்கள் கட்டுரையாளர்கள் எழுதவில்லை. 1889-ல் தொடங்கிய கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப் ஓர் உறுப்பினர் சங்கம். 2020-ல் அதன் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதத்தை ஒரு தொழில் குழுமம் எடுத்துக்கொண்டு, தன் பழைய அணியின் பெயரை முன்னால் ஒட்டியது. ரசிகர்கள் மூன்று வருடம் விடாமல் எதிர்த்தார்கள். 2023-ல் அந்த ஒட்டு நீக்கப்பட்டது. பெரும்பான்மை ஓட்டு கையில் இல்லாமலே பெயரை மீட்டார்கள். கூட்டம் கூடி, சந்தா கட்டி, சண்டை போட்டுப் பழகிய உறுப்பினர்கள் உள்ள இடத்தில்தான் 50+1 பேச முடியும். சென்னையில் இன்று ஒரு கிளப்புக்கு 51 சதவீத ஓட்டைக் கொடுத்தால், அதைக் கையில் வாங்க ஆண்டுக் கூட்டம் நடத்தும் சங்கம் எது?

தமிழ்நாட்டில் ஒரு கால்பந்து லீக் வேண்டும் என்பவர்கள் முதலில் செய்யக்கூடியது, இருக்கிற தாங்கலைப் பயன்படுத்துவது. முழு வருட ஒப்பந்தத்துக்குப் பதில், துறை வேலையில் உள்ள வீரர்களை மூன்று மாதத்துக்கு விடுப்பில் பெறும் எழுத்துப்பூர்வ ஏற்பாடு. வேலை இல்லாத இளைஞனுக்கு மட்டும் 12 மாதச் சம்பளம். மூன்று மாதம் கொடுத்து விட்டுவிட்டால் அடுத்த வருடம் அவன் ஆட்டத்திலேயே இருக்க மாட்டான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர மாவட்டங்களில் புல் மைதானம் மழையில் ஊறிக்கிடக்கும். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு என்பதால் பள்ளி வீரரும் வரமாட்டார், பார்க்கும் குடும்பமும் வராது. ஆக ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய ஒரு பகுதி, ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இன்னொரு பகுதி என்று பிரித்தால்தான் நடக்கும். ஒவ்வொரு அணியும் ஒரு முழு சீசன் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும், அதுவும் வீரர் பதிவுக்கு முன்பே. பதிவு முடிந்த பிறகு கேட்டால் யாரும் கட்டுவதில்லை. மைதான வாடகையை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வைக்காமல் டிக்கெட் வசூலில் பங்காக வைத்தால், கூட்டம் வராத முதல் இரண்டு வருடத்தைச் சின்ன முதலாளியும் தாண்டுவார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய லீக் அல்லது புதிய அணி அறிவிப்பு வரும்போதெல்லாம் ஏலத்தொகையும் நட்சத்திர வீரரின் படமும் முதல் பக்கத்தில் வருகின்றன. அதே செய்தியில் நான்கு விவரம் கேட்டு வாங்கிப் போடுங்கள்: வீரர் ஒப்பந்தம் எத்தனை மாதம், வங்கி உத்தரவாதம் எவ்வளவு, மைதானம் யாருடையது, உரிமையாளர் விலகினால் அணியின் பெயரும் வீரர் பதிவும் யாருக்குச் சேரும். பதில் தர மறுத்தால், மறுத்தார்கள் என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டு நிர்வாகக் கணக்குகளைப் பார்க்கும் வாசகர்கள் இருவர்,
சென்னை.